கணினியையே எழுத வைத்த கணித மேதை

கணினிக்கான நிரலை மனிதன்தான் எழுத வேண்டுமா? கணினியே எழுதிக்கொள்ளாதா? செயற்கை நுண்ணறிவு பேசப்படும் இந்நாளில் பிறந்த கேள்வியல்ல இது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் இதற்கு விடை தேடியவர் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி.

1906ஆம் ஆண்டில் பிறந்த இவர், ஏல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து, 1944இல் ஹார்வர்டில் மார்க் 1 கணினியில் பணியாற்றினார். பின்னர் 1949இல், பிலடெல்பியாவில் யூனிவாக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் இணைந்தார்.

அக்காலத்தில் ஒரு நிரலுக்காக எழுதிய கட்டளைகளைக் குறிப்பேட்டிலிருந்து பார்த்து மற்றொரு நிரலில் படியெடுப்பார்கள். அவற்றின் முகவரி எண்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டி மாற்ற வேண்டும். படியெடுப்பதிலும் பிழை, கூட்டுவதிலும் பிழை! இவ்விரண்டையும் சலிக்காமல் செய்யக்கூடிய இயந்திரம் எதிரிலேயே இருக்கிறதே என்று ஹாப்பர் எண்ணினார். 1952இல் ஏ-0 என்ற கம்பைலர் பிறந்தது. வேண்டிய கட்டளைத் தொகுதிகளை எண்ணால் குறிப்பிட்டால் போதும். கணினியே அவற்றை நாடாவிலிருந்து எடுத்து, இணைத்து, முழு நிரலாக்கித் தந்தது.

அடுத்து அவர் சிந்தித்தது, கணினியை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதை. பொறியாளருக்குச் சூத்திரம் இயல்பானது. சம்பளக் கணக்கும் சரக்கிருப்பும் பார்க்கும் அலுவலருக்கோ குறியீடு என்றாலே கசப்பு. ஆகவே, ஒவ்வொரு துறைக்கும் அதற்கேற்ற மொழி வேண்டும் என்றார் அவர். அவருடைய குழு கணிதத்திற்கு மேத்-மேட்டிக், வணிகத்திற்கு ஆங்கிலச் சொற்களால் அமைந்த ஃப்ளோ-மேட்டிக் என இரண்டை உருவாக்கியது.

ஆனால், கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று முதலில் மறுத்தார்கள். 1955இல் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களையும் கொண்டு அவர் மாதிரி காட்டினார். அமெரிக்காவில் செய்த கணினிக்கு அந்நிய மொழி எப்படிப் புரியும் என்று நிர்வாகத்தினர் திகைத்தார்களாம். 1978இல் ஒரு மாநாட்டில் ஹாப்பரே இதை நினைவுகூர்ந்தார். இயந்திரத்திற்கு எல்லாச் சொற்களும் வெறும் குறிகளே; ஆனாலும் ஆங்கிலத்தில் மட்டுமே நிரல் எழுதுவோம் என்று அவர்களைச் சமாதானப்படுத்த மாதக்கணக்கில் ஆயிற்று.

ஃப்ளோ-மேட்டிக் காட்டிய வழியில் 1959இல் கோபோல் மொழியின் பணி தொடங்கியது. 1960 டிசம்பரில், வெவ்வேறு நிறுவனங்களின் இரு கணினிகளில் ஏறக்குறைய ஒரே கோபோல் நிரல் ஓடிக் காட்டியது. வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கோபோல் இன்றும் உழைக்கிறது.

இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. படியெடுக்கும் சுமையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால், சம்பளத்தை எந்த விதிப்படி கணக்கிட வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு மனிதனிடமே நின்றது. விதி தவறானால், அந்தத் தவறையும் கணினி பிசகாமல் எழுதித் தரும். தொழிலை அறிந்தவர் சரியாகச் சொன்னால்தான், இயந்திரம் எழுதும் நிரலும் சரியாக இருக்கும்.