சர்க்கரை பார்க்கும் அந்தச் சின்னப் பட்டை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துச் சர்க்கரை பார்க்கிறோம். பார்த்ததும் அந்த ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

முன்பெல்லாம் சிறுநீரைத்தான் சோதிப்பார்கள். 5 மில்லி பெனடிக்ட் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏறும். ஆய்வகத்தில் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கும். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுபவருக்கு இந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை.

1965இல் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பெனி 'டெக்ஸ்ட்ராஸ்டிக்ஸ்' என்ற காகிதப் பட்டையைக் கொண்டுவந்தது. பெரிய சொட்டாக ரத்தம் வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்து, தண்ணீரில் கழுவி, நிறத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அந்த நிறத்தை அளக்க ஒரு மீட்டரும் வந்தது. கிலோவுக்கு மேல் எடை, விலையோ பல நூறு டாலர். அதையும் டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும்தான் விற்பார்கள், நோயாளிக்குக் கிடையாது! ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற எஞ்சினியருக்குச் சிறுவயது முதலே நீரிழிவு. அவர் மனைவி டாக்டர். மனைவி பெயரில் அதை வாங்கி, தினமும் பலமுறை தானே சோதித்து, உடம்பைத் தேற்றிக்கொண்டார். அதை எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. மனிதர் விடவில்லை, 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான்.

நிறத்தை விட்டு மின்சாரத்துக்கு வந்த கதை வேறு. லேலண்ட் கிளார்க் என்பவர் ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க ஒரு மின்முனை செய்தார். 1962இல் அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை ஒரு படலமாக வைக்கலாம் என்று லயன்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதினார். பூஞ்சையில் கிடைக்கும் இந்த நொதி குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும். ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் சர்க்கரை தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் ஆக்சிஜன் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை.

இதற்கு வழி பிறந்தது இங்கிலாந்தில். ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் ஹில், கிரான்ஃபீல்டில் ஹிக்கின்ஸ், டர்னர் ஆகியோரின் குழுக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீனைப் போட்டன. இரண்டு வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அணு இருக்கும் சேர்மம் அது. நொதியிடம் எலக்ட்ரானை வாங்கி மின்முனையில் கொண்டுபோய்க் கொடுக்கும், மறுபடி வந்து வாங்கும். ஓடும் மின்சாரத்தை அளந்தால் போதும். 1984இல் கட்டுரை வெளிவந்தது. 1987இல் மெடிசென்ஸ் கம்பெனி பேனா வடிவத்தில் 'எக்ஸாக்டெக்' மீட்டரை விற்பனைக்கு விட்டது. கழுவவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், 30 விநாடியில் எண் வந்துவிடும்.

எல்லோரும் நொதியைத்தான் புகழ்வார்கள். நான் அச்சுத் தொழிலைப் புகழ்வேன். கல்யாணப் பத்திரிகைக்கும் துணிப்பைக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சல்லடைத் துணிமேல் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுத்தால் கீழே படம் விழும். அதே வேலைதான் இங்கும். சாதாரண மைக்குப் பதில் கரி மை, வெள்ளி மை, அதன்மேல் நொதி. ஒரு பிளாஸ்டிக் தாளில் வரிசை வரிசையாக அச்சடித்து வெட்டிவிடுவார்கள். ஆய்வகத்து மின்முனையை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து, அளவு சரிபார்க்க வேண்டும். அச்சடித்ததோ ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். ஒரு தொகுதியில் சிலவற்றைச் சோதித்தால் மற்றவற்றுக்கும் அதே கணக்கு. பழைய மீட்டர்களில் டப்பாவில் இருந்த கோட் நம்பரைப் போடச் சொன்னார்களே, அது இந்தக் கணக்குதான். இப்போது தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கவும் இப்படிப்பட்ட அச்சு மின்முனைகளைச் செய்கிறார்கள்.

ரத்தமும் இப்போது அதிகம் வேண்டாம். ஆடம் ஹெல்லரின் யோசனையில் 2000இல் வந்த 'ஃப்ரீஸ்டைல்' பட்டைக்கு 0.3 மைக்ரோலிட்டர் போதும்.

இதையெல்லாம் எழுதக் காரணம் உண்டு. போன மாதம் உறவினர் ஒருவருக்கு லேபில் 168, உடனே வீட்டில் பார்த்தால் 185. மீட்டர் பொய் சொல்கிறது என்று தூக்கி எறியப் போனார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இன்சுலினையும் தானாகவே இரண்டு யூனிட் கூட்டிக்கொண்டார்! 2013ஆம் ஆண்டின் சர்வதேச விதிப்படி 100க்கு மேல் வரும் அளவுகளில் 100 சோதனைக்கு 95ஆவது லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 168க்கு 185 அந்த எல்லைக்குள்தான். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தாதீர்கள், பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண்ணில் ஏறும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். டப்பாவை உடனே மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். மீட்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் காசு பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்காகத் தேதி முடிந்த ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு பார்ப்பதைவிட, டாக்டரிடம் கேட்டு எந்தெந்த நாள் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.