பிரிந்த காலமும் வந்த காலமும்: ராக்கிகரி மரபணுச் சான்று குறித்து

ஹரியானாவிலுள்ள சிந்துவெளி நாகரிக நகரான ராக்கிகரியில் புதைக்கப்பட்ட பெண்ணொருத்தியின் மரபணுத்தொகுதி 2019-இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியானது. சிந்துவெளிக்கு வேளாண்மை மக்களோடு வரவில்லை, அங்கேயே தோன்றியது அல்லது அறிவாக மட்டும் பரவியது என்பது அதன்பின் ஒரு தரப்பாரிடம் முடிந்த முடிபாக வழங்குகிறது. அந்தத் தரவில் எனக்கு ஐயமில்லை. அதன்மேல் ஏற்றப்பட்ட முடிபைத் தாங்கும் வலு அதற்கில்லை என்பதே என் வாதம்.

61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒன்றுதான் தேறியது என்ற வழக்கமான ஆட்சேபத்தை விட்டுவிடலாம். துர்க்மெனிஸ்தானின் கோனூர், கிழக்கு ஈரானின் ஷஹ்ர்-இ-சோக்தா ஆகிய இடங்களில் கிடைத்த 11 பேர் மரபில் அப்பெண்ணை ஒத்திருக்கின்றனர். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, அனுமானத்தில் இருக்கிறது.

அனுமானம் மூன்று படிகளால் ஆனது. அப்பெண்ணின் மரபில் பெரும்பங்கு ஈரானியத் தொல்குடிகளோடு உறவுடையது. அந்தக் கால்வழி, ஜாக்ரோஸ் மலைப்பகுதியின் கஞ்ச் தாரே உழவர், காஸ்பியன் கரையோர பெல்ட் குகை வேட்டைக்குடியினர் ஆகியோரின் கால்வழிகளிலிருந்து 12,000 ஆண்டுகளுக்கு முன்பே, உழவு தோன்றுமுன்பே, பிரிந்துவிட்டது. ஆகவே உழவர்கள் மேற்கிலிருந்து பெருந்திரளாக வரவில்லை.

முதல் இரண்டும் தரவு தருபவை. மூன்றாவது படி, பிரிந்த காலத்தையே வந்த காலமாக எடுத்துக்கொள்கிறது. இரு கால்வழிகள் எப்போது பிரிந்தன என்று மரபணு சொல்லும். பிரிந்தபின் அவற்றுள் ஒன்று எந்த நிலத்தில் வாழ்ந்தது என்று சொல்லாது. அம்மக்கள் கிழக்கு ஈரானிலோ ஆப்கானிஸ்தானிலோ பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, பயிரும் ஆடுமாடும் கைவந்தபின் சிந்துவெளிக்கு நகர்ந்திருந்தாலும் ராக்கிகரித் தரவு இப்போது உள்ளபடியேதான் இருக்கும். அது விலக்குவது ஜாக்ரோஸ் உழவரின் நேரடி வருகையை மட்டுமே. இடைப்பட்ட நிலப்பரப்பின் தொடக்ககால உழவர் எவருடைய மரபணுவும் அந்த ஒப்பீட்டில் இடம்பெறவில்லை.

அனத்தோலிய உழவர் மரபு அப்பெண்ணிடம் இல்லாததையும் சான்றாகக் காட்டுவர். ஈரானில் அம்மரபு கிழக்கே செல்லச் செல்லக் குறைகிறது என்பதை அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த பேராய்வு காட்டியது. கிழக்குக் கோடியிலிருந்து புறப்பட்டவர்களிடம் அது காணப்படாததில் வியப்பில்லை.

அந்தப் பேராய்வின் இன்னொரு கணிப்பு உரிய கவனம் பெறவில்லை. மேற்கூறிய கோனூர், ஷஹ்ர்-இ-சோக்தா மாதிரிகளில், ஈரானிய உறவுடைய மரபும் தெற்காசிய வேட்டைக்குடி மரபும் கலந்த காலம் கி.மு. 5400–3700 என அது கணித்தது. சிந்துவெளி உழவின் தொடக்கத்துக்குச் சான்றாகும் பலூசிஸ்தானின் மெஹெர்கரில் உள்ள புதிய கற்கால இடுகாடு கி.மு. 7000-க்கும் முற்பட்டது என்று அப்போது நம்பப்பட்டதால் இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க இடமில்லாமல் போயிற்று. 2025-இல் அந்த இடுகாட்டினர் 23 பேரின் பல் எனாமல் நேரடியாகக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தப்பட்டது. இடுகாடு தொடங்கியது கி.மு. 5200–4900 அளவில் என்றும், சில நூற்றாண்டுகளே புழக்கத்தில் இருந்தது என்றும் தெரியவந்தது. உழவின் தொடக்கமும் மரபுக் கலப்பும் இன்று ஒரே காலப்பரப்பில் வந்து நிற்கின்றன.

கலந்த காலத்தை வந்த காலமாகக் கொண்டால் நான் மறுக்கும் அதே பிழையை நானும் செய்தவனாவேன். முன்பே வந்து ஒதுங்கி வாழ்ந்தவர்கள் பின்னர் கலந்திருக்கலாம். உள்ளூர் உழவரே பெருகி வேட்டைக்குடிகளோடு கலந்திருக்கவும் கூடும். எனினும் கோதுமை முதலிய மேற்கத்தியப் பயிர்கள் முதிர்ந்த வடிவில் தோன்றும் அதே காலத்தில் மரபும் கலப்பதை விளக்க, உழவரின் நகர்வே எளிய வழி. திமில் மாடு இங்கேயே பழக்கப்பட்டது என்பது இதற்குத் தடையாகாது. குடியேறியவர்களும் உள்ளூர் மாட்டைப் பழக்கியிருக்க முடியும்.

ராக்கிகரிச் சான்று, உழவர் வருகையின் ஒரு வழியை அடைத்திருக்கிறது. மற்ற வழிகள் திறந்தே உள்ளன. மெஹெர்கரிலிருந்தோ கிழக்கு ஈரானிலிருந்தோ கி.மு. ஆறாம் ஆயிரமாண்டின் மரபணு கிடைக்கும்வரை, சிந்துவெளிக்கு வேளாண்மை மக்களின்றி வந்தது என்பதை நிறுவப்பட்ட உண்மையாகப் பாடநூல்களில் எழுதுவது முறையாகாது.