கடைசி மூடி

போன தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அத்தை வீட்டுக் கீழ்த்தளக் கழிப்பறை பொங்கி வழிந்தது. சிங்கப்பூரில் நம்மில் பலர் பிளாட்டில் இருப்பவர்கள். அத்தை வீடு பழைய தரைவீடு. போன் போட்டு வரவழைத்த அதிகாரி நிதானமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடைசி மேன்ஹோல் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். தரைவீட்டுக் கழிப்பறையிலிருந்து புறப்படும் குழாய், வேலிக்குள் இருக்கும் கடைசிச் சோதனைத் தொட்டிவரை வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கப்புறம் பொதுக் கழிவுநீர்க் குழாய், அது பியூபி பொறுப்பு. அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தால் வழக்கு முடிந்தது. உள்ளே தண்ணீர் நிரம்பி நின்றால் அடைப்பு நகரத்துப் பக்கம். காய்ந்து கிடந்தால் நம் பக்கம். மூடியே கிடைக்காவிட்டால்? பல வருடங்களுக்கு முன் கார் நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ் போட்டவர்கள், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மூடியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். மூடியைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்றிரவு அத்தை சிரித்துக்கொண்டே, "எங்க காலத்துல இந்தச் சண்டையே கெடையாது. வாளி போச்சுன்னா போச்சு," என்றார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அத்தையும் அப்பாவும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியறையில் வளர்ந்தவர்கள். கீழே, பின்கட்டில் கக்கூஸ். பலகையில் ஓட்டை, ஓட்டைக்கு நேர் கீழே வாளி, வாளிக்குப் பின்னால் சுவரில் சின்னக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பேக்லேன். விடியுமுன் ஒருவர் வந்து அந்தக் கதவைத் திறந்து நிறைந்த வாளியை இழுத்துக்கொண்டு வெறும் வாளியைத் தள்ளுவார். "நான் உக்காந்திருக்கும்போதே கீழ வாளி நகரும். கத்தணும்போல இருக்கும். மூச்சுகூட விடமாட்டேன்." அவரைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "கையத்தான் பாத்திருக்கேன். சீனப் பெருநாளுக்கு அம்மா அங்பாவ் குடுப்பாங்க. அதையும் கதவு மேலதான் வைப்பாங்க."

இந்தப் பேக்லேனுக்கு ஒரு வரலாறு உண்டு. 1907இல் வில்லியம் சிம்சன் என்ற மருத்துவப் பேராசிரியர் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். நீளமாக, இருட்டாக, ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக் கட்டிய கடைவீடுகளைப் பற்றி அதில் விரிவாகப் பேசுகிறார். பின்வழி இல்லாத வீட்டில் வாளி எந்த வழியாகப் போகும்? அடுப்பைத் தாண்டி, படுத்திருப்பவர்களைத் தாண்டி, முன்வாசல் வழியாகத்தான். வீடுகளின் முதுகை வெட்டிச் சந்து விடவேண்டும் என்பது அவர் பரிந்துரைகளில் ஒன்று. 1927இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையின் ஆரம்ப கால வேலைகளில் இந்தச் சந்து வெட்டுவதும் அடக்கம். இப்போது லிட்டில் இந்தியாவில் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் சந்துகள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டுமல்ல, இந்த வாளிக்கும் வழிவிட்டவை. சில பழைய சுவர்களில் கணுக்கால் உயரத்தில் அடைத்துப் பூசிய சதுரம் இன்னும் தெரியும். அந்தக் காலத்துக் கடைசி மூடி அதுதான்.

அதற்கும் முன்பு யார் பொறுப்பு? நகராட்சி இல்லை. சீனக் குத்தகைக்காரர்கள் அள்ளிக்கொண்டுபோய்த் தோட்டக்காரர்களுக்கு எருவாக விற்றார்கள். சரக்குக்கு விலை இருந்தவரை பொறுப்பு என்ற பேச்சே எழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நகராட்சி இந்த வேலையில் மெல்ல மெல்ல இறங்கியது. 1910களில் முதல் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் வந்தது. ஆனாலும் குழாய் போகாத தெருக்களில் வாளி இன்னும் முக்கால் நூற்றாண்டு ஓடியது. பிற்காலத்தில் அதற்கென்றே 36 கதவு வைத்த லாரி, ஒவ்வொரு கதவுக்குள்ளும் வாளி. 1987 ஜனவரியில்தான், லோரோங் ஹாலுஸில், அந்த முறை முற்றிலும் முடிந்தது. நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பு. அவ்வளவுதான் தூரம்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "தூக்குனது நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்டார். இல்லை. இங்கே வாளி தூக்கியவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தெருக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, லோங்காங் கழுவுவது போன்ற நகராட்சிக் கூலி வேலைகளில்தான் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். என் தாத்தாவும் லோங்காங் வேலைதான். ஊருக்கு எழுதும் கடிதத்தில் "முனிசிபல் வேலை" என்று மட்டும் எழுதுவாராம். தமிழ்நாட்டில் மலம் அள்ளுவது எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பது அவருக்கும் தெரியும், கடிதத்தைப் படிப்பவருக்கும் தெரியும். கடல் தாண்டியும் அந்த வார்த்தையை அவரால் எழுத முடியவில்லை.

குழாய் வந்தபிறகு கை மறைந்தது, கணக்கு வந்தது. 2017 வரை இங்கே கழிப்பறைச் சாதனம் ஒவ்வொன்றுக்கும் மாதம் 2.80 வெள்ளி தனிக் கட்டணம் இருந்தது. அத்தை வீட்டில் மூன்று. பில்லில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் மாமா திட்டுவார். இப்போது தண்ணீர் அளவோடு சேர்த்துவிட்டதால் அந்த வரியும் கண்ணில் படுவதில்லை. சாங்கிக்குப் போகும் 48 கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தைப் பற்றிப் பள்ளிப்பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். வாசலுக்குள் இருக்கும் பத்தடிக் குழாய் எங்கே போகிறது என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

மறுநாள் பிளம்பர் அங்கிள் ஓர் இளைஞரோடு வந்தார். புதுக்கோட்டைப் பக்கம், வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். இரும்புக் கம்பியால் டைல்ஸைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போய், அத்தையின் துளசித்தொட்டி முன்னால் நின்றார்.

"இதுக்குக் கீழதாம்மா."

"நல்லாப் பாரு தம்பி," என்றார் அத்தை. முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

தொட்டியை நகர்த்தி, டைல்ஸை வெட்டி, மூடியை நெம்பினார்கள். உள்ளே காய்ந்து கிடந்தது. நம் பக்கம்தான். பழைய மண்குழாயின் இணைப்புக்குள் வேர் நுழைந்து வலை பின்னியிருந்தது, அதில் ஈரத்துடைப்பான்கள் சிக்கி இறுகியிருந்தன. 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே என்று நான் சொன்னதற்கு பிளம்பர் அங்கிள் பதில்கூடச் சொல்லவில்லை. இளைஞர் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு வேரை இழுத்தார். மேலே நின்ற எங்களுக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான்.

380 வெள்ளி. வெட்டிய இடத்தில் டைல்ஸ் திரும்ப ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு அத்தை வேண்டாம் என்றுவிட்டார். அந்த இளைஞருக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார், கையில். துளசி இப்போது இரண்டடி தள்ளி இருக்கிறது.