வாப்பாவின் வாங்கில் ஒரு பழைய வழக்கு

கண்டி திருகோணமலை வீதியில், எங்கள் வாப்பாவின் கடை வாசலில் ஒரு வாங்கு கிடந்தது. பிளேன் டீ ஆறும்வரை அதில் அரசியல்தான். எவராவது எதிர்க்கட்சிக்காரரை ஏசத் தொடங்கினால் வாப்பா மறிப்பார்: “அவரு என்ன சொன்னாருண்டு மொதல்ல சொல்லுங்க.”

மற்றவரை ஏசுமுன் நிதானிக்கும் அந்தப் பழக்கத்துக்கு எங்கள் ஊரில் முன்னோடி உண்டு. 1838இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி மு. கா. சித்திலெப்பை, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தமிழில் தொடங்கினார். ஆங்கிலக் கல்வியை ஒதுக்குகிறோம், பெண்பிள்ளைகளைப் படிக்க விடுவதில்லை என்று தம் சமூகத்தையே முதலில் கேள்வி கேட்டார். எழுதியதோடு நிற்கவில்லை, கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் திறந்தார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

வாப்பாவின் வாங்கில் பேசப்பட்ட பழைய வழக்கும் அந்தக் காலத்ததுதான். 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். முஸ்லிம்களான சோனகரின் பேச்சும் பல வழக்கங்களும் தமிழருடையவை, ஆகவே அவர்கள் இனத்தால் தமிழரே என்பது அவர் வாதம். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி தேவையா என்ற பேச்சு நடந்த நேரம் அது. அந்த வாதம் எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் தைத்தது. அடுத்த வருடமே முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் நியமிக்கப்பட்டார், ஆனாலும் வாதம் ஓயவில்லை. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், இராமநாதன் காட்டிய ஆதாரங்களை எடுத்து வைத்தே மறுப்பு நூல் எழுதினார்.

அந்த நூலின் பிரதியொன்று வாப்பாவின் மேசை லாச்சியில் கிடந்தது. பக்க ஓரங்களில் பென்சில் கோடுகள். இராமநாதனின் வாதம் வரும் இடங்களில்தான் கோடுகள் அதிகம்.