சிறிய விமானத் தளங்களும் அவற்றுக்காகப் பேசிய மனிதர்களும்

இந்தியாவில் புதிய விமான நிலையங்கள் அமைப்பதற்கென்று 2008-ஆம் ஆண்டு ஒன்றிய அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன்படி கொள்கை அளவில் ஒப்புதல் பெற்ற முதல் 21 இடங்களில் காரைக்காலும் ஒன்று. அதே பட்டியலில் இருந்த கண்ணூர், துர்காப்பூர், சிக்கிமின் பாக்யாங் ஆகிய இடங்களில் விமான நிலையங்கள் திறக்கப்பட்டுவிட்டன. காரைக்காலில் விமானம் இறங்கவில்லை. குரும்பகரம் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கோ, சிங்கப்பூருக்கோ, பிரான்சுக்கோ செல்பவர்கள் இன்றும் திருச்சிக்கோ சென்னைக்கோ சாலை வழியாகப் போய்த்தான் விமானம் ஏறுகிறார்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் விமானத் தளம் வந்துவிடாது. ஒரு சிறிய விமானத் தளம் எப்படிப் பிறக்கிறது? எதனால் வாழ்கிறது? எதனால் சாகிறது? நூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இம்மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடைதான் கிடைக்கிறது. சிமெண்டும் தாரும் ஓடுபாதையை உண்டாக்கும். ஆனால் அதை உயிரோடு வைத்திருப்பவர்கள் அதைத் தம்முடையது என்று கருதும் மனிதர்களே.

பொழுதுபோக்காகத் தொடங்கியது

தென்னிந்தியாவில் விமானம் பறந்த கதை அரசாங்கத்திடமிருந்து தொடங்கவில்லை. ஓர் ஓட்டல்காரரிடமிருந்து தொடங்குகிறது. கோர்சிகாத் தீவைச் சேர்ந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தி வந்தார். அவர் தம் யோசனைப்படி சிம்சன் நிறுவனத்தில் ஒரு விமானத்தைச் செய்ய வைத்து, 1910-ஆம் ஆண்டு பல்லாவரத்தில் பொதுமக்கள் முன்னிலையில் பறந்து காட்டினார். அலகாபாத்திலிருந்து நைனிக்கு உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் பறந்ததே அடுத்த ஆண்டு, 1911 பிப்ரவரி 18-இல்தான்.

அதன்பின் முதல் உலகப் போர் வந்து போனது. 1920-களின் இறுதியில் ஃப்ளையிங் கிளப்புகள் தோன்றின. பம்பாய், டெல்லி, கராச்சி, கல்கத்தா ஆகிய ஊர்களில் அவை அமைந்தன. 1930-இல் சென்னை ஃப்ளையிங் கிளப் உருவானது. பம்பாயில் ஜூஹு தளம் 1928-இல் தொடங்கியது. அங்கே பயின்ற ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

கிளப் என்றால் ஏதோ பெரிய மாளிகை என்று நினைக்க வேண்டாம். ஒரு புல்வெளி, ஒரு கொட்டகை, ஓரிரு 'மாத்' ரக விமானங்கள், ஒரு பயிற்சியாளர், சில மெக்கானிக்குகள். அவ்வளவுதான். அந்த விமானங்கள் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. இறக்கைகளை மடித்து வைத்துக்கொள்ளலாம். கிழிந்தால் தைத்து, மேலே பசை போன்ற பூச்சு பூசி மீண்டும் பறக்கவிடலாம். உறுப்பினர் சந்தா, பயிற்சிக் கட்டணம், அரசின் மானியம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் கிளப்பை நடத்தின. ஆகவே அங்கே யாரும் வெறும் வாடிக்கையாளராக இருக்க முடியாது. பறப்பவர், பழுது பார்ப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்தக் கூட்டத்தின் குணத்துக்கு ஒரு நல்ல சான்று உண்டு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். 1930-இல் டாடா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயது இளைஞர் எதிர்த்திசையில் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். வழியில் எகிப்தின் அபூகிரில் இருவரும் சந்தித்தனர். ஸ்பார்க் பிளக் பழுதாகி ஆஸ்பி அங்கேயே நின்றுவிட்டிருந்தார். போட்டியாளர் என்று பாராமல் டாடா தம்மிடமிருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேர வித்தியாசத்தில் பரிசை வென்றார். பின்னாளில் அவரே இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாகவும் ஆனார்.

பெண்களுக்கும் இந்தக் கிளப்புகளே வானத்தின் கதவைத் திறந்தன. 1936-இல் லாகூர் ஃப்ளையிங் கிளப்பில் சரளா தக்ரால் தமது 21-ஆம் வயதில் சேலை உடுத்தியபடி ஜிப்சி மாத் விமானத்தை ஓட்டினார்.

சொந்த வீட்டில் விருந்தாளி

1932 அக்டோபர் 15 அன்று டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக ஜூஹுவுக்கு அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அப்போது ஜூஹுவில் இருந்தது ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்றுதான். மழைக்காலத்தில் கடல் ஏறித் தளம் நீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போய்விடுவார்கள். இந்தியாவின் பெரிய விமான நிறுவனம் அந்தச் சேற்றிலிருந்துதான் முளைத்தது.

ஆனால் முளைத்த மரம் வளர்ந்தபின் நிலைமை மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பம்பாயின் பெரிய விமானங்கள் சாந்தாகுரூஸ் நிலையத்துக்குப் போயின. ஜூஹு சிறிய விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் மட்டும் என்றானது. சென்னையில் இதற்கு நேர்மாறு. கிளப் இருந்த மீனம்பாக்கமே பெரிய நிலையமாக வளர்ந்தது. நிமிடத்துக்கு நிமிடம் ஜெட் விமானங்கள் இறங்கும் இடத்தில் பயிற்சி மாணவர் ஓட்டும் சின்ன விமானத்துக்கு நேரம் ஒதுக்குவது கடினம். முதலில் வந்தவர்கள் தம் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆனார்கள்.

பெங்களூருவின் ஜக்கூர் கதையும் இதையே சொல்கிறது. மைசூர் மன்னர் கொடுத்த நிலத்தில் அமைந்தது அந்தத் தளம். அங்குள்ள அரசுப் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறியவர் உஷா சுந்தரம். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர் அவர். 1951-இல் அவரும் கணவர் வி. சுந்தரமும் சென்னை அரசுக்காக வாங்கிய டவ் ரக விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தனர். கேப்டன் கோபிநாத் 1997-இல் டெக்கான் ஏவியேஷன் என்ற ஹெலிகாப்டர் நிறுவனத்தைத் தொடங்கியதும் ஜக்கூரில்தான். 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு அவர் கதை நினைவிருக்கும். இத்தனை பெருமை இருந்தும், பெங்களூருவின் புதிய பெரிய விமான நிலையத்துக்குச் செல்லும் உயர்மட்டச் சாலை ஜக்கூர் ஓடுபாதையின் முனை அருகே வந்தபோது, பயன்படுத்தக்கூடிய நீளம் குறைந்துபோனது. பெரிய நிலையத்துக்கான பாதை சிறிய தளத்தின் பாதையைத் தின்றது.

சிறிய தளங்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. யாரும் 'மூடுகிறோம்' என்று அறிவிப்பதில்லை. பக்கத்தில் ஓர் உயரமான கட்டடம் எழும்பும். இறங்கும் பாதைக்கு இடைஞ்சல் என்று ஓடுபாதையைச் சுருக்குவார்கள். வாடகை ஏறும். பறக்கும் நேரம் குறையும். சுற்றிலும் நிலத்தின் விலை கூடக்கூட, 'இவ்வளவு பெரிய இடம் நாலு பேருக்கு எதற்கு?' என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் கதை முடிந்தது.

பேச ஆள் இல்லாத ஓடுபாதைகள்

இரண்டாம் உலகப் போரின்போது தமிழகத்தில் சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு எனப் பல இடங்களில் அவசர அவசரமாக ஓடுபாதைகள் போடப்பட்டன. போர் முடிந்ததும் படை போய்விட்டது. அவற்றைச் சுற்றி கிளப் இல்லை, பள்ளி இல்லை. ஆகவே பல பத்தாண்டுகள் அவை வெயில் காய்ந்து கிடந்தன. இதில் விதிவிலக்கு சோழவரம். 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பந்தயத்தடம் வரும்வரை பல்லாயிரம் மக்கள் சோழவரத்துக்குத் திரண்டு போனார்கள். விமானம் வராத ஓடுபாதையைக்கூட ஒரு சங்கம் வாழ வைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

சிகாகோவின் ஓர் இரவு

சங்கம் இருந்தும் தோற்ற கதையும் உண்டு. கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாடியவர்களுக்கு மீக்ஸ் ஃபீல்டு தெரிந்திருக்கும். அந்த விளையாட்டின் பழைய பதிப்புகளில் விமானம் முதலில் நிற்கும் இடம் அதுதான். சிகாகோ நகரின் ஏரிக்கரையில் 1948-இல் திறக்கப்பட்ட, ஒரே ஓடுபாதை கொண்ட தளம் அது. அதை மூடிவிட்டுப் பூங்கா அமைக்க வேண்டும் என்று மேயர் ரிச்சர்டு டேலி விரும்பினார். 1996-இல் 'மீக்ஸ் ஃபீல்டின் நண்பர்கள்' என்ற அமைப்பு உருவாகிப் போராடியது. மூடிய தளம் 1997-இல் மீண்டும் திறந்தது. 2001-இல் தளத்தைப் பல ஆண்டுகள் காக்கும் ஓர் உடன்பாடும் ஏற்பட்டது.

ஆனால் 2003 மார்ச் 30 நள்ளிரவில் மேயரின் உத்தரவுப்படி புல்டோசர்கள் வந்து ஓடுபாதையின் நடுவே பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிவிட்டன. நிறுத்தி வைத்திருந்த விமானங்கள் சிக்கிக்கொண்டன. பிறகு ஓடுபாதைக்குப் பக்கத்திலுள்ள குறுகிய இணைப்புப் பாதையிலிருந்து அவை பறந்து வெளியேறின. முன்னறிவிப்பின்றி மூடியதற்காக நகராட்சி 33,000 டாலர் அபராதம் கட்டியது. இனி யாரும் அப்படிச் செய்தால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. மீக்ஸ் திரும்பவில்லை. அங்கே இன்று பூங்கா இருக்கிறது. ஆனால் அந்தத் தோல்வி மற்ற சிறிய தளங்களுக்கு ஒரு வேலியைத் தந்தது.

சேலத்தில் கேட்ட இரண்டு குரல்கள்

நம் ஊர்ப் பக்கம் சேலத்தைப் பார்க்கலாம். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் 1993-இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. என்.இ.பி.சி. நிறுவனம் சில காலம் விமானம் விட்டு நிறுத்தியது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்து அதுவும் நின்றது. 2018 மார்ச் 25 அன்று உதான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. அதுவும் 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் சேவை தொடங்கியது. ஒவ்வொரு முறை நின்றபோதும் சேலத்து வணிகர்களும் தொழில் அமைப்புகளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தனர்.

அதே சேலத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. 2018-இல் விரிவாக்கத்துக்கு ஏறத்தாழ 570 ஏக்கர் நிலம் வேண்டும் என்றபோது சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, பொட்டியபுரம் பகுதி விவசாயிகள் எதிர்த்தனர். அவர்களுக்கும் அது சமூக வாழ்க்கைதான். விளைநிலம், கிணறு, வீடு, குலதெய்வக் கோயில் எல்லாம் அந்த எல்லைக்குள் இருந்தன. விமானத் தளத்துக்காகப் பேசுபவர்கள் இந்தக் குரலைக் கேட்காமல் பேசினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

டெல்டாவின் கேள்வி

டெல்டாவில் ஒரு தளம் ஏற்கெனவே இருக்கிறது. தஞ்சாவூரில் போர்க்காலத்தில் அமைந்த ஓடுபாதையில் ஒரு காலத்தில் வாயுதூத் நிறுவனத்தின் சிறிய விமானங்கள் இறங்கின. பயணிகள் போதவில்லை என்று அந்தச் சேவை நின்றது. 2013 மே 27 அன்று அது விமானப்படைத் தளமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானப் பிரிவு அங்கே வந்தது. நாட்டின் பாதுகாப்புக்கு அது தேவையே. ஆனால் பயணிகளுக்காகப் பேசும் குரல் வாயுதூத் காலத்தில் வலுவாக இருந்திருந்தால், தஞ்சைக்கும் சேலத்தைப் போல் இன்னொரு வாய்ப்பு வந்திருக்கக்கூடும்.

காரைக்காலின் நிலை வேறு. இங்கே நிலம் குறைவு. இருப்பதும் காவிரியின் கடைமடை வயல். மறுபக்கம் கடல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் பக்கத்து மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோதும், சாலை அடைபட்டால் இந்தக் கரை எவ்வளவு தனித்துப் போகும் என்பது தெரிந்தது. அப்படிப்பட்ட நாளில் சிறிய விமானமும் ஹெலிகாப்டரும் இறங்க ஓர் இடம் இருப்பது ஆடம்பரம் அல்ல. அதே சமயம், அந்த இடத்துக்காக யாருடைய வயல் போகிறது என்ற கேள்வியும் சிறியது அல்ல.

பல்லாவரம் முதல் சிகாகோ வரை வரலாறு சொல்வது இதுதான்: பெரிய விமான நிலையத்தை அரசும் பணமும் காப்பாற்றும். சிறிய தளத்தை அதைச் சுற்றி வாழும் மக்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு அவர்கள் அதை முதலில் விரும்ப வேண்டும். விரும்புவதற்கு, ஓடுபாதை எங்கே, எவ்வளவு நிலத்தில், யாருக்காக என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். காரைக்காலில் அந்தப் பேச்சு ஓடுபாதைக்கு முன்னால் தொடங்கினால், இங்கே ஒருநாள் விமானம் இறங்கினாலும் இறங்காவிட்டாலும், அது இந்த ஊர் மக்கள் எடுத்த முடிவாக இருக்கும்.