வழுவைத் தேடிய கைகள்: தொடக்ககாலத் தனியாள் கணினிகளில் சி தொகுப்பிகளின் சோதனை

இயக்குதளம் போன்ற அடித்தள மென்பொருள்களை எழுதுவதற்கென்று அமைந்த மொழி முறைமை நிரல்மொழி எனப்படும். அம்மொழியில் எழுதப்பட்ட மூலநிரலைச் செயலி நேரடியாக நிறைவேற்றும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளே தொகுப்பி. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 அளவில் உருவாக்கிய சி மொழி, 1973இல் யூனிக்ஸ் இயக்குதளத்தின் கருநிரலே அதில் மாற்றி எழுதப்பட்டதன் மூலம் தன் ஆற்றலை மெய்ப்பித்தது. ஆயினும் அது வளர்ந்த இடம் பிடிபி-11 என்னும் குறுங்கணினி. 64 கிலோபைட்டுக்கு மேல் நினைவகத்தை எட்ட இயலாத இன்டெல் 8080 செயலியுடன் வீட்டு மேசையில் இருந்த கணினிகளுக்கு அம்மொழியைக் கொண்டுவர, மொழியையே குறுக்க வேண்டியிருந்தது.

1979இல் லியோர் சோல்மன் வெளியிட்ட பிடிஎஸ் சி, மூலநிரலை வட்டில் மீண்டும் மீண்டும் தேடாமல் நினைவகத்திலேயே வைத்துத் தொகுத்ததால் வேகத்தில் சிறந்து விளங்கியது. அதற்கு ஈடாகப் மிதவைப் புள்ளி எண்கள் மொழியின் உள்ளமைப்பில் இடம்பெறவில்லை. 1980 மே மாதம் ரான் கெயின் தம் ஸ்மால்-சி தொகுப்பியின் மூலநிரல் முழுவதையும் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ இதழில் அச்சிட்டார். முழு எண், எழுத்துக்குறி ஆகிய இரு அடிப்படைத் தரவுவகைகளையே ஏற்ற அத்தொகுப்பி, தான் ஏற்கும் சிறு மொழியிலேயே எழுதப்பட்டிருந்ததோடு, தன் விளைவை மனிதர் படிக்கத்தக்க அசெம்பிளி மொழியில் தந்தது. எனவே அதைப் பயன்படுத்தியவர் ஒவ்வொருவரும் அதை ஆராயவும் திருத்தவும் வல்லவரானார்.

இத்திறப்பின் அருமை, தொகுப்பியைச் சோதிப்பதன் கடுமையை உணரும்போதே விளங்கும். விற்பனைக்கு முன், உருவாக்கியோர் அல்லாத பயனர்களிடம் மென்பொருளைக் கொடுத்துக் குறை காண்பது பீட்டா சோதனை. பிற மென்பொருளின் வழு தன் திரையிலேயே வெளிப்படும்; தொகுப்பியின் வழுவோ அது பெற்றெடுத்த நிரலில் மறைந்து நின்று, நிரலாளரின் பிழைபோலவே தோன்றும். ஆகவே சோதிப்பவர் முதலில் தம் நிரலை ஐயுற்று, அதை வரிவரியாகக் குறைத்துக் குறை தோன்றும் மிகச் சிறிய வடிவத்தை அடைந்து, பின் விளைந்த இயந்திரக் கட்டளைகளைப் படித்து, ஒரு செயற்கூற்றை அழைக்கும்போது செயலியின் பதிவகத்தில் இருந்த மதிப்பு அழிந்ததா, குறியுள்ள எண் குறியற்றதாக ஒப்பிடப்பட்டதா எனக் கண்டறிய வேண்டியிருந்தது. தன் மொழியிலேயே எழுதப்பட்ட தொகுப்பிக்கு மற்றொரு தேர்வும் உண்டு: அது தன்னைத் தொகுத்துப் பெற்ற புதிய தொகுப்பி, மீண்டும் அதே மூலநிரலைத் தொகுக்கும்போது முன்னதற்கு எவ்வகையிலும் மாறாத விளைவைத் தர வேண்டும்.

1981இல் வந்த ஐபிஎம் தனியாள் கணினி இச்சுமையைப் பெருக்கியது. அதன் 8088 செயலி நினைவகத்தை 64 கிலோபைட் கூறுகள் வழியாகவே அணுகியதால், நிரலும் தரவும் ஒவ்வொரு கூறுக்குள் அடங்கும் சிறு மாதிரி, இரண்டும் பல கூறுகளில் பரவும் பெரு மாதிரி என நினைவக மாதிரிகள் தோன்றின. கூறு, அதனுள் தொலைவு ஆகிய இரண்டும் சேர்ந்த பல இணைகளால் ஒரே இடத்தைக் குறிக்க முடிந்தமையால், நினைவக முகவரியை ஏந்தும் மாறிகளான சுட்டுகளில், ஓரிடத்தையே காட்டும் இரண்டு சமமற்றவையாகத் தோன்றக்கூடும். சுட்டும் முழு எண்ணும் ஒரே அளவு என்று நம்பி எழுதிய நிரல் பெரு மாதிரியில் சிதைந்தது. ஒரு மாதிரியில் தேறிய நிரலை மற்றவற்றிலும் மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. 1982இல் வெளிவந்த லாட்டிஸ் சி தொகுப்பியைத் தன் பெயரில் விற்றுவந்த மைக்ரோசாஃப்ட், 1985இல் மூன்றாம் பதிப்பிலேயே தானே எழுதிய தொகுப்பியை வெளியிட்டது.

இக்காலம் முழுவதும் சோதிப்பவர்க்கு இருந்த பெருங்குறை, தீர்ப்புச் சொல்ல ஓர் அளவுகோல் இல்லாமையே. 1978இல் கெர்னிகனும் ரிட்சியும் சி மொழி பற்றி எழுதிய நூல் மௌனமாக விட்ட இடங்களில், ஒரு தொகுப்பியின் நடத்தை வழுவா, வேறு பொருள்கோளா என்று அறுதியிட முடியவில்லை. 1983இல் அமைந்த அமெரிக்கத் தரக்குழு 1989இல் நிறைவுசெய்த தரவரையறை, எழுத்துக்குறி வகை குறியுள்ளதா அற்றதா என்பது போன்ற இடங்களைத் தொகுப்பியின் விருப்பத்துக்கே விட்டபோதும், அவ்விருப்பத்தை எழுத்தில் அறிவிக்கக் கட்டாயப்படுத்தியது. அதுவரை ஒவ்வொரு பயனரும் இயந்திரக் கட்டளைகளைத் துருவித் தனியே கண்டறிந்ததைத் தொகுப்பியை ஆக்கியவரே முன்கூட்டிச் சொல்லக் கடமைப்பட்டார். வழு எது, விருப்பம் எது என்ற வழக்கைத் தீர்க்க இருதரப்புக்கும் பொதுவான ஓர் ஏடு வாய்த்தது.