பூட்டும் சாவியும்: ஒரு கோப்பை காபி மெஷினின் கதை

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஒரு நிமிடத்துக்குள் ஒரு கோப்பை காபி! பொடி அளக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். கேப்ஸ்யூல் எனப்படும் சின்னஞ்சிறு குப்பியை உள்ளே போட்டு மூடினால் மற்றதை மெஷினே பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்கு இப்படி ஒரு மெஷின் வாங்கக் கடைக்குப் போகிறவர் எதைப் பார்ப்பார்? விலையைப் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று பார்ப்பார். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் '19 பார் அழுத்தம்' என்பதைப் பார்ப்பார். கேப்ஸ்யூலைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். ஆனால் மெஷின் ஒரு முறை வாங்குவது, கேப்ஸ்யூலோ தினமும் செலவாவது. அந்தக் கேப்ஸ்யூலை யார் யார் செய்து விற்கலாம் என்பதில் நடந்த சண்டைதான் இந்த மெஷின்களின் வரலாற்றில் பாதி. அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பார்க்க வேண்டியதும் மாறிவிடும்.

இத்தாலியின் ஆசை

ஒருவருக்கு ஒரு கோப்பை, கேட்டவுடனே என்ற எண்ணம் புதியதல்ல. 1884இல் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியோண்டோ நீராவியால் இயங்கும் காபி மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்தின் லூயிஜி பெஸ்ஸேரா அதை ஒவ்வொரு கோப்பையாகப் போட்டுத் தரும்படி மாற்றினார். எஸ்பிரஸ்ஸோ பிறந்தது இப்படித்தான். 1940களின் இறுதியில் அகில்லே காஜ்ஜியா நெம்புகோல் வைத்த மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதிக அழுத்தத்தில் வெந்நீர் பாய்ந்ததால் காபியின் மேல் பொன்னிற நுரை படர்ந்தது. அந்த நுரைதான் இன்றுவரை நல்ல எஸ்பிரஸ்ஸோவின் அடையாளம்.

ஆனால் இதெல்லாம் கடையில்தான். பொடியைச் சரியாக அரைத்து, அளந்து, அழுத்தி வைப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். வீட்டில் அது எல்லோருக்கும் வராது. இதற்கு ஒரு வழியாக 1970களில் இத்தாலியின் இல்லி நிறுவனம், அளந்த காபிப் பொடியை இரண்டு வடிதாள்களுக்கு நடுவே வைத்து வட்ட வில்லையாக்கியது. சுமார் 7 கிராம் பொடி, 44 மில்லிமீட்டர் விட்டம். பிற்பாடு இந்த அளவு ஒரு பொதுத் தரமாகவே ஆனது. அதாவது யார் வேண்டுமானாலும் வில்லை செய்யலாம், யார் வேண்டுமானாலும் மெஷின் செய்யலாம். கதையின் தொடக்கத்திலேயே திறந்த கதவு ஒன்று இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

ரோமுக்குப் போன சுவிஸ் பொறியாளர்

1975இல் சுவிட்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் எரிக் ஃபாவ்ர் என்ற பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் மனைவி இத்தாலியப் பெண். 'சுவிஸ்காரர்களுக்குக் காபி போடத் தெரியாது' என்று கணவரைச் சீண்டுவாராம். ஃபாவ்ர் அதைச் சவாலாகவே எடுத்துக்கொண்டார்! இருவரும் இத்தாலியில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ரோமில் பாந்தியன் அருகே இருக்கும் சான்ட் எவுஸ்தாக்கியோ என்ற காபிக் கடையில் மட்டும் கூட்டம் அலைமோதியது. மற்ற கடைகளில் நெம்புகோலை ஒரே இழுப்பாக இழுக்க, இங்கே பலமுறை இழுத்து விட்டார்கள். அதனால் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து பொடிக்குள் புகுந்தது, நுரையும் மணமும் கூடின. ரகசியம் இதுதான் என்று ஃபாவ்ர் கண்டுகொண்டார்.

1976இல் நெஸ்லே இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது. காற்றுப் புகாமல் அடைத்த கேப்ஸ்யூலுக்குள் 5, 6 கிராம் பொடி. மெஷினை மூடியதும் ஊசிகள் ஒரு பக்கம் துளையிடும். அழுத்தத்தோடு வெந்நீர் உள்ளே பாயும். அழுத்தம் ஏற ஏற மறுபக்க மூடி கிழிந்து காபி இறங்கும். அடைத்தே இருப்பதால் பொடியின் மணமும் மாதக்கணக்கில் போகாது.

ஆனால் நெஸ்லே இதைக் கொண்டாடிவிடவில்லை. 1938இல் அறிமுகமான நெஸ்காஃபே என்ற உடனடிக் காபியை உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் அது. நெஸ்பிரஸ்ஸோ என்ற தனி நிறுவனம் பிறக்க 1986 ஆனது. அலுவலகங்களை நம்பி இறங்கிய முதல் முயற்சியும் சோபிக்கவில்லை.

1988இல் ழான்-போல் கையார் வந்த பிறகுதான் திசை மாறியது. குறி அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பியது. மெஷினை வேறு நிறுவனங்கள் தயாரித்துக் கடைகளில் விற்கும். கேப்ஸ்யூலையோ நெஸ்பிரஸ்ஸோ மட்டுமே, தன் 'கிளப்' உறுப்பினர்களுக்கு நேரடியாக விற்கும். சவரக் கத்தியின் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் லாபம் பார்ப்பது போன்ற தந்திரம் இது. மெஷின் பூட்டு என்றால் கேப்ஸ்யூல்தான் சாவி. சாவி செய்யும் உரிமை ஒரே ஒருவர் கையில்!

அமெரிக்காவில் ஒரு கோப்பை

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அமெரிக்க அலுவலகங்களில் பெரிய கண்ணாடிக் குடுவையில் காலையில் போட்ட காபி மதியம் வரை சூட்டுத் தட்டில் கருகிக்கொண்டிருக்கும். இதைச் சகிக்க முடியாத ஜான் சில்வன், கல்லூரி நண்பர் பீட்டர் டிராகோனுடன் சேர்ந்து 1992இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கியூரிக் நிறுவனத்தைத் தொடங்கினார். சோதித்துப் பார்ப்பதற்காகத் தினமும் 30, 40 கோப்பை காபி குடித்து, சில்வன் கடைசியில் மருத்துவமனைக்கே போக வேண்டியதாயிற்று!

இவர்கள் செய்தது 'கே கப்'. பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளே வடிதாள், மேலே அலுமினிய மூடி. இதில் வருவது எஸ்பிரஸ்ஸோ அல்ல, அமெரிக்கர்கள் விரும்பும் பெரிய கோப்பை வடிகாபி. 1998இல் அலுவலகங்களுக்கும் 2004இல் வீடுகளுக்கும் மெஷின் வந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் கிரீன் மவுண்டன் காபி நிறுவனம் 2006இல் கியூரிக்கை முழுவதுமாக வாங்கியது. சில்வனோ 1997இலேயே தன் பங்கை 50,000 டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியிருந்தார். 2015 டிசம்பரில் அந்த நிறுவனம் கைமாறப் பேசிய விலை சுமார் 1,390 கோடி டாலர்!

இதற்கிடையே நெதர்லாந்தில் 2001இல் சென்சியோ வந்தது. மெஷின் பிலிப்ஸ் உடையது, காபி டவ் எக்பர்ட்ஸ் உடையது. இதில் காகித வில்லைதான், அழுத்தமும் குறைவு. மற்ற நிறுவனங்களும் இதே அளவு வில்லைகளைக் கடைக்குக் கொண்டுவந்தன. 2004இல் டாசிமோ வந்தது. அதன் மெஷின் ஒவ்வொரு வில்லையிலும் இருக்கும் பார்கோடைப் படித்துத்தான் வேலை செய்யும். 2006இல் நெஸ்லேயே டோல்சே கஸ்டோ என்ற இன்னொரு வகையை இறக்கியது. ஆக ஒரே காபிக்கு அரை டஜன் வகைக் குப்பிகள். ஒன்று இன்னொன்றில் பொருந்தாது.

காப்புரிமை முடிந்தது, சண்டை தொடங்கியது

காப்புரிமைக்கு ஆயுள் சுமார் 20 வருடம்தான். அது முடியும் தறுவாயில்தான் சுவாரஸ்யமான திருப்பங்கள். நெஸ்பிரஸ்ஸோவை வளர்த்துவிட்ட அதே கையார், எத்திகல் காபி கம்பெனி என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கி, அதே மெஷினில் பொருந்தும் மக்கும் கேப்ஸ்யூலை 2010இல் பிரான்சில் விற்கத் தொடங்கினார்! வழக்குகள் பறந்தன.

2013இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் டூவாலிட் என்ற நிறுவனத்துக்கு எதிராக நெஸ்லே தோற்றது. காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது. மெஷினை விலை கொடுத்து வாங்கியவர், அதற்கான கேப்ஸ்யூலைத் தனக்குப் பிடித்தவரிடம் வாங்கிக்கொள்ளலாம். சமையலறையில் இருக்கும் மெஷின் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. 2014இல் பிரான்சின் போட்டி ஆணையத்திடம் நெஸ்பிரஸ்ஸோ சில உறுதிமொழிகளைக் கொடுத்தது. புதிய மெஷின் வரும் முன்பே அதன் தொழில்நுட்ப விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தருவது அவற்றில் ஒன்று.

அமெரிக்காவில் கே கப்பின் முக்கியக் காப்புரிமைகள் 2012 செப்டம்பரில் முடிந்தன. மலிவான கிண்ணங்கள் கடைகளில் குவிந்தன. கியூரிக் என்ன செய்தது? 2014இல் 'கியூரிக் 2.0' என்ற புதிய மெஷினை விட்டது. மூடியில் அச்சிட்ட சிறப்பு மையை மெஷின் ஒளியால் படிக்கும். அந்த மை இல்லாத கிண்ணத்தைப் போட்டால் காபி வராது! சட்டத்தின் பூட்டு போனதும் மின்னணுப் பூட்டு. சொந்தப் பொடியை நிரப்பிப் பயன்படுத்த முன்பு விற்ற கிண்ணமும் இதில் வேலை செய்யவில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. அசல் மூடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மெஷினின் 'கண்ணுக்கு' நேரே டேப் போட்டு ஒட்டினார்கள். மெஷின் ஏமாந்தது! விற்பனை சரிந்தது. 2015 மே மாதம் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பிரையன் கெல்லி தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சொந்தப் பொடி நிரப்பும் கிண்ணம் திரும்ப வரும் என்றார். வாங்குபவர்கள் வென்ற அபூர்வமான சண்டைகளில் இது ஒன்று.

ஆனாலும் பூட்டு ஒழிந்துவிடவில்லை. 2014இல் வட அமெரிக்காவில் அறிமுகமான நெஸ்பிரஸ்ஸோவின் வெர்ச்சுவோ மெஷின், கேப்ஸ்யூலின் விளிம்பில் இருக்கும் பார்கோடைப் படித்து, அதை நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை சுழற்றிக் காபி எடுக்கிறது. பழைய 'ஒரிஜினல்' வகைக் கேப்ஸ்யூல் இதில் பொருந்தாது. பழைய காப்புரிமைகள் முடியும் நேரத்தில் புதிய வகை வந்தது தற்செயலா என்பதை வாசகர்கள் முடிவு செய்யட்டும்.

குப்பைத் தொட்டியின் பக்கம்

ஒரு நாளைக்கு 2 கோப்பை என்றால் வருடத்துக்கு 730 குப்பிகள். இது ஒரு வீட்டுக் கணக்கு மட்டுமே. 2016இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம், அரசு அலுவலகங்களுக்கு இத்தகைய காபியை வாங்கக் கூடாது என்று தடுத்தது. 2015இல் ஜான் சில்வனே தன் கண்டுபிடிப்பை நினைத்துச் சில நேரம் வருந்துவதாகவும், தன் வீட்டில் அந்த மெஷின் இல்லை என்றும் சொன்னார்.

அலுமினியத்தை மறுபடி மறுபடி உருக்கலாம், ஆனால் யாராவது திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணம் இன்னும் சிக்கல். தன் கிண்ணங்களை எளிதாக மறுசுழற்சி செய்யலாம் என்ற தோற்றத்தைத் தரும்படி அறிக்கை வெளியிட்டதற்காக, 2024இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கியூரிக் மீது 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2022இல் சுவிட்சர்லாந்தின் மிக்ரோஸ் நிறுவனம் குப்பியே இல்லாத காபி உருண்டையைக் கொண்டுவந்தது. கடற்பாசியிலிருந்து எடுத்த மெல்லிய உறை, உள்ளே அழுத்திய பொடி. குப்பை இல்லை, ஆனால் அதற்கும் தனி மெஷின் வேண்டும். பூட்டு மறுபடியும்!

கடைக்குப் போகும் முன்

இத்தனை வரலாற்றிலிருந்து வாங்குபவருக்குக் கிடைப்பவை நான்கு கேள்விகள்.

முதல் கேள்வி: இதற்குப் பொருந்தும் கேப்ஸ்யூலை எத்தனை நிறுவனங்கள் விற்கின்றன? நெஸ்பிரஸ்ஸோவின் ஒரிஜினல் வகை, கே கப், சென்சியோ வில்லை, 44 மில்லிமீட்டர் வில்லை ஆகியவற்றுக்குப் பலர் இருக்கிறார்கள். பார்கோடு படிக்கும் மெஷின்களில் தேர்வு குறுகிவிடுகிறது.

இரண்டாவது: என்ன காபி வேண்டும்? சிறிய கோப்பையில் கெட்டியாக வேண்டும் என்றால் அழுத்தம் உள்ள மெஷின், பெரிய கோப்பையில் வேண்டும் என்றால் கே கப் போன்றது. எஸ்பிரஸ்ஸோ இறங்க சுமார் 9 பார் அழுத்தம் போதும். பெட்டியில் இருக்கும் 15, 19 எல்லாம் பம்பின் உச்ச அளவு மட்டுமே. அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மூன்றாவது: ஒரு கிலோ காபி என்ன விலை ஆகிறது? 5 கிராம் பொடி உள்ள கேப்ஸ்யூல் என்றால் 200 சேர்ந்தால்தான் ஒரு கிலோ. 10 கேப்ஸ்யூல் உள்ள பெட்டியின் விலையை 20ஆல் பெருக்கிப் பாருங்கள். வரும் தொகை மெஷினின் விலையையே மறக்கடித்துவிடும்!

நான்காவது: சொந்தப் பொடியை நிரப்பிக்கொள்ளும் கிண்ணம் இதில் வேலை செய்யுமா? வேலை செய்தால், நிறுவனமே நாளைக்குக் கடையை மூடினாலும் மெஷின் காட்சிப் பொருளாகிவிடாது.

சாவியைப் பலர் செய்யும் பூட்டாகப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். நிறமும் தொட்டியின் அளவும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.